‘அரசமைப்பைத் திருத்துவோம்’னு வேட்பாளர் சொன்னா நடக்குமா? தருமபுரியை வைத்து ஒரு கணக்கு

2024 மக்களவைத் தேர்தலில் மாநிலமே உற்றுப் பார்த்த தொகுதிகளில் ஒன்று தருமபுரி. திமுகவின் ஆ.மணி, பாமகவின் சௌமியா அன்புமணி, அதிமுகவின் அசோகன் என மும்முனைப் போட்டி. கடைசிச் சுற்று வரை இழுத்த எண்ணிக்கையில் 21,300 வாக்கு வித்தியாசத்தில் மணி ஜெயித்தார்.

தெருமுனைப் பிரச்சாரத்தில் அதிகம் அடிபட்டது காவிரி உபரிநீர்த் திட்டமும் வன்னியர் உள் ஒதுக்கீடும். ஆனால் திமுகவின் தேர்தல் அறிக்கையில் வேறு மாதிரியான வாக்குறுதிகளும் இருந்தன. முதல்வரைக் கலந்தாலோசித்துத்தான் ஆளுநரை நியமிக்க வேண்டும், மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் சட்டப்பிரிவு 356 நீக்கப்பட வேண்டும், ஆளுநருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் பிரிவு 361 திருத்தப்பட வேண்டும் என்றது அந்த அறிக்கை. எல்லாமே அரசமைப்புத் திருத்தம் கேட்பவை.

இது திமுகவின் கோரிக்கை மட்டும் இல்லை. கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவருவோம், நீட்டை ஒழிப்போம், மாநில உரிமையை மீட்போம்... எந்தத் தேர்தலை எடுத்தாலும் இந்த வரிகள் வந்துவிடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஓட்டுப் போட ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பிடித்து ஊருக்கு வருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதைச் செய்ய இவருக்கு அதிகாரம் இருக்கா? இருந்தா, எந்த வழியில்?

முதல்ல, தமிழ்நாட்டுக்குன்னு தனி அரசமைப்பு இருக்கா?

இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசமைப்புச் சட்டம் உண்டு. அங்கே ஆளுநர் பதவிக்கோ மாநில அவைக்கோ நிற்கிற ஒருவர், ‘நம் மாநில அரசமைப்பைத் திருத்தணும்’ என்று ஓட்டு கேட்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் திருத்தத்துக்குக் கடைசி ஒப்புதல் கொடுப்பது மக்கள்தான், அதுவும் நேரடி வாக்கெடுப்பில். அலபாமா மாநிலம் தன் 1901 அரசமைப்பில் எஞ்சியிருந்த இனவெறி வாசகங்களை நீக்கிய தொகுப்புக்கு 2022-ல் மக்களிடம் ஒப்புதல் வாங்கியது. நியூயார்க்கில் 20 ஆண்டுக்கு ஒருமுறை ‘நம் அரசமைப்பை மறுபடி எழுத மாநாடு கூட்டலாமா?’ என்று மக்களிடமே கேட்கிறார்கள். 2017-ல் கேட்டபோது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவிலும் அந்தப் பாதை ஒரு காலத்தில் திறந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மைசூர், சௌராஷ்டிரம், திருவிதாங்கூர்-கொச்சி ஆகிய சமஸ்தானப் பகுதிகளில் தனி அரசமைப்பு எழுத அவைகள் அமைந்தன. ஆனால் 1949-ல், ‘தனித்தனியாக வேண்டாம், இந்திய அரசமைப்புக்குள்ளேயே மாநிலங்களுக்கான அமைப்பையும் எழுதிவிடலாம்’ என்று முடிவானது. ஜம்மு-காஷ்மீர் மட்டும் விதிவிலக்கு. 1957 ஜனவரி 26 முதல் அதற்குத் தனி அரசமைப்பு இருந்தது. 2019 ஆகஸ்ட்டில் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது அதுவும் செயலிழந்தது. 2023 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதிசெய்தது.

ஆக, நமக்கு இருப்பது இந்திய அரசமைப்பின் ஆறாம் பகுதி. பிரிவு 152-லிருந்து 237 வரை. ஆளுநர், முதல்வர், சட்டப்பேரவை, உயர் நீதிமன்றம் எல்லாம் அதில்தான் வருகின்றன. தமிழ்நாட்டின் ‘மாநில அரசமைப்பு’ என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அது இந்தப் பகுதிதான். அதன் சாவி சென்னைக் கோட்டையில் இல்லை, டெல்லியில் இருக்கிறது.

அப்போ திருத்தறது எப்படி?

வழி ஒன்று இல்லை, மூன்று இருக்கிறது. எந்த வாக்குறுதி எந்த வழியில் போகணும் என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

*முதல் வழி: சாதாரணப் பெரும்பான்மை.* மாநில எல்லையை மாற்றுவது, புது மாநிலம் உருவாக்குவது, மேலவையைக் கொண்டுவருவது அல்லது ஒழிப்பது எல்லாம் இதில் வரும். நாடாளுமன்றத்தில் சாதாரணச் சட்டம் போதும்.

மேலவை விஷயத்தில் மட்டும் மாநிலச் சட்டப்பேரவையின் தீர்மானம் முதலில் வேண்டும். தமிழ்நாட்டில் இது நேரடியாகவே நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986-ல் மேலவை ஒழிக்கப்பட்டது. 2010-ல் கருணாநிதி அரசு தீர்மானம் போட்டு, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. தேர்தல் நடந்து அவை கூடுவதற்குள் 2011-ல் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அரசு அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மேலவை வரவே இல்லை. சட்டமன்றத் தேர்தல் முடிவு ஒன்று மாநிலத்தின் அரசமைப்பு வடிவத்தையே நேரடியாகத் தீர்மானித்த அபூர்வமான சம்பவம் இது.

மாநிலப் பிரிவினைக்கு அந்த அளவு பிடிமானம்கூட மாநிலத்துக்கு இல்லை. சட்டப்பேரவையின் கருத்தைக் கேட்பார்கள். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டப்பேரவை பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றி, தெலங்கானா பிறந்தது.

*இரண்டாம் வழி: சிறப்புப் பெரும்பான்மை.* பிரிவு 368-ன்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எல்லோரும் வந்தால், மக்களவையில் 543-க்கு 362. மாநிலங்களவையில் 245-க்கு 164. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. அத்தனை பேரும் கட்சி பார்க்காமல் கைகோத்தாலும் 57 பேர்தான்.

*மூன்றாம் வழி: சிறப்புப் பெரும்பான்மையோடு, பாதி மாநிலங்களின் ஒப்புதல்.* மத்திய, மாநில, பொதுப் பட்டியல்களை மாற்றுவது, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், உயர் நீதிமன்றம் போன்றவை இதில் வரும். 28 மாநிலங்களில் 14 சட்டப்பேரவைகள் ‘சரி’ சொல்ல வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் ஜெயிக்கிற எம்.எல்.ஏ.வுக்கு அரசமைப்புத் திருத்தத்தில் கை தூக்கக் கிடைக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான். அதிலும் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். திருத்த மசோதாவைத் தொடங்கும் அதிகாரம் எந்த மாநிலப் பேரவைக்கும் இல்லை.

ஆளுநர் விவகாரம் எந்த வழி?

இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம். ஆளுநர் நியமனம் (பிரிவு 155), மசோதாவுக்கு ஒப்புதல் (பிரிவு 200), ஆட்சிக் கலைப்பு (பிரிவு 356), ஆளுநருக்கான பாதுகாப்பு (பிரிவு 361)... மாநிலத்தின் கழுத்தைப் பிடிக்கிற விதிகள் எல்லாம் இரண்டாம் வழியில் வருகின்றன. இவற்றைத் திருத்த மாநிலங்களின் ஒப்புதல் தேவையே இல்லை.

இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. மாநிலங்களுக்குச் சாதகமாகத் திருத்துவது கொஞ்சம் எளிது, 14 சட்டப்பேரவைகளைத் தேடி ஓட வேண்டாம். ஆனால் நாளைக்கு ஒரு கட்சி டெல்லியில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு உட்கார்ந்தால், ஆளுநரின் அதிகாரத்தை இன்னும் கூட்டவும் மாநிலங்களைக் கேட்க வேண்டியதில்லை.

இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய 10 மசோதாக்கள் ஆளுநர் ஆர்.என்.ரவியிடம் தேங்கிய வழக்கில், 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, காலக்கெடுவும் வகுத்தது. ‘ஜெயிச்சாச்சு’ என்று மாநிலங்கள் நினைத்தன. ஆனால் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் 5 நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20-ல் சொன்ன கருத்து வேறு. அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும்’ கூடாது என்றது. காரணமில்லாமல் நீண்ட நாள் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி வரம்புக்குட்பட்ட உத்தரவு போடலாம் என்ற ஒரு சிறிய கதவை மட்டும் திறந்து வைத்தது.

பிரிவு 200-ல் இருக்கும் வார்த்தை ‘கூடிய விரைவில்’. எத்தனை நாள் என்று எழுதவில்லை. அதனால்தான், காலக்கெடு விதிக்க அரசமைப்பைத் திருத்தும் வரை ஓய மாட்டோம் என்று மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நீதிமன்றக் கதவு பாதி சாத்தியபின், மிச்சமிருப்பது நாடாளுமன்ற வழி. இந்த விஷயத்தில் ‘அரசமைப்பைத் திருத்த வேண்டும்’ என்பது மேடைக்கான வீரவசனம் இல்லை, உண்மையிலேயே தேவைப்படும் ஒன்று.

கோரிக்கை ஒரு கட்சியின் கண்டுபிடிப்பும் இல்லை. முதல்வரைக் கலந்தாலோசித்து ஆளுநரை நியமிக்கும்படி அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது, மத்திய அரசு 1983-ல் அமைத்த சர்க்காரியா ஆணையம். அதற்கும் முன்பே, 1969-ல் கருணாநிதி அமைத்த ராஜமன்னார் குழு மத்திய-மாநில உறவு முழுவதையும் ஆராய்ந்தது. அதன் அடிப்படையில் 1974 ஏப்ரலில் சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 15-ல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. அரை நூற்றாண்டாகக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. டெல்லியில் எண்ணிக்கைக்குத்தான் பஞ்சம்.

கல்வியை மீட்க முடியுமா?

கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது 42-வது திருத்தம். பட்டியல் மாற்றம் என்பதால் அது மூன்றாம் வழி; மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அப்போது தமிழ்நாடு என்ன சொன்னது?

எதுவும் சொல்லவில்லை, சொல்ல ஆளே இல்லை. 1976 ஜனவரி 31-ல் நெருக்கடி நிலைக் காலத்தில், பிரிவு 356-ஐப் பயன்படுத்தி திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் திருத்தம் வந்தபோது தமிழ்நாட்டில் சட்டப்பேரவையே கிடையாது. 1977 ஜனவரி 3-ல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது. அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் இங்கே புதிய பேரவை வந்தது. பிரிவு 356-ம் கல்வி உரிமையும் தனித்தனிப் பிரச்சினை மாதிரி தெரியும். ஒன்று பறிபோன விதத்தில் மற்றொன்றின் பங்கு இருக்கிறது.

ஜனதா ஆட்சி 1978-ல் கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலுக்கே கொண்டுபோக முயன்றது. மக்களவையில் அந்தப் பகுதி நிறைவேறியது, மாநிலங்களவையில் தோற்றது. மக்களவையில் எவ்வளவு பலம் இருந்தாலும், மாநிலங்களவை கைகொடுக்காவிட்டால் கதை முடிந்தது.

நீட் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதா 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேறி டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. பொதுப்பட்டியலில் இருக்கும் விஷயத்தில் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் செல்லுபடியாக அந்த ஒப்புதல் வேண்டும். சரி, கல்வி மாநிலப் பட்டியலுக்கு வந்துவிட்டால் நீட் தானாகப் போய்விடுமா? போகாது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66-வது இனத்தில் 1950-லிருந்தே இருக்கிறது. அதையும் தொடாமல் ‘பட்டியல் மாறினால் நீட் ஒழிந்தது’ என்று சொல்பவர் பாதியைத்தான் சொல்கிறார்.

தருமபுரிக் கோரிக்கைகளுக்குத் திருத்தம் வேணுமா?

இப்போது ஊர்க் கணக்குக்கு வருவோம்.

வன்னியருக்கு 10.5% உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2021 பிப்ரவரி 26-ல், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. ‘கோர்ட் தடுத்துடுச்சு, அரசமைப்பையே மாத்தணும்’ என்று மேடையில் யாராவது சொன்னால், தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் விழுந்த காரணம் வேறு. மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் பட்டியலில் உள்ள மற்ற 115 சமூகங்களிலிருந்து வன்னியரை மட்டும் தனியாகப் பிரிக்கப் போதுமான தரவு இல்லை. ஆக, இதற்கு வேண்டியது நல்ல தரவும் அதன்மேல் ஒரு மாநிலச் சட்டமும். அந்தத் தரவை ஆராயும் வேலை 2023 ஜனவரியில் நீதிபதி பாரதிதாசன் தலைமையிலான மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்திடம் 3 மாதக் கெடுவில் போனது. பிறகு கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. இங்கே கேள்வி கேட்க வேண்டிய இடம் டெல்லி இல்லை, சென்னை.

காவிரி உபரிநீரும் அப்படித்தான். வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்குப் போகும் நீரில் ஒரு பகுதியை ஏற்றி மாவட்ட ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது கோரிக்கை. நீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டை 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த நீரில் தருமபுரிக்கு எவ்வளவு என்பது, நிதி ஒதுக்கீடும் டெல்டாவின் தேவையும் சேர்ந்த மாநில அரசின் முடிவு. ஒரு எழுத்துகூட அரசமைப்பில் மாற வேண்டியதில்லை.

சுருக்கமாக: உபரிநீருக்கும் உள் ஒதுக்கீட்டுக்கும் எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். ஆளுநருக்கும் கல்விக்கும் எம்.பி.யைப் பிடியுங்கள். தேர்தலில் இரண்டும் இடம் மாறிவிடுவதுதான் பிரச்சினை. செய்யக்கூடியதை டெல்லி மேல் போட்டுவிட்டு, டெல்லியில்தான் முடியும் என்பதைச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதியாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

அப்போ இதெல்லாம் வீண் பேச்சா?

அப்படியும் சொல்ல முடியாது. அரசமைப்பின் முதல் திருத்தமே இந்த மண்ணிலிருந்து கிளம்பியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கே போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் பிரிவு 15(4) சேர்க்கப்பட்டது.

அடுத்தது 69%. 1992-ல் மண்டல் வழக்கில் 50% உச்சவரம்பு வந்ததும் தமிழ்நாட்டின் 69% ஆட்டம் கண்டது. 1993 இறுதியில் ஜெயலலிதா அரசு தனிச் சட்டம் நிறைவேற்றியது. மாநிலக் கட்சிகள் ஒரே குரலில் நின்றன. மத்தியில் நரசிம்ம ராவ் அரசு இணங்க, 1994-ல் 76-வது திருத்தம் மூலம் அந்தச் சட்டம் ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது.

இரண்டிலும் ஜெயித்த சூத்திரம் ஒன்றுதான். கோரிக்கை குறிப்பானது, மாநிலத்துக்குள் கட்சிச் சண்டை இல்லை, டெல்லியில் இணங்கும் அரசு இருந்தது. ‘மாநில சுயாட்சி’ என்ற பெரிய சொல் 50 ஆண்டுகளாக நகராத இடத்தில், குறிப்பான கோரிக்கைகள் நகர்ந்திருக்கின்றன.

சத்தியம் பண்ணிட்டு திருத்தம் கேக்கலாமா?

வேட்புமனு தாக்கல் செய்யும்போதே ஒவ்வொரு வேட்பாளரும் அரசமைப்பின்மீது பற்றுறுதி எடுக்க வேண்டும். அதில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற வரி 1963-ல் 16-வது திருத்தத்தில் சேர்ந்தது. திராவிட நாடு கோரிக்கைதான் அதன் பின்னணி. திமுக அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, நாட்டுக்குள் மாநில உரிமை என்ற பாதைக்கு வந்தது.

உறுதிமொழி எடுத்தபின் திருத்தம் கேட்பது தவறில்லை. திருத்தும் வழியும் அந்த அரசமைப்பிலேயே இருக்கிறது. 2023-க்குள் 106 முறை திருத்தியாகிவிட்டது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட எல்லை ஒன்றுதான்: அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது.

அதனால்தான் திசை முக்கியம். 2024 மார்ச்சில் கர்நாடக பாஜக எம்.பி. அனந்தகுமார் ஹெக்டே, அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு பலம் வேண்டும் என்று பேசினார். கட்சி விலகி நின்றது, அவருக்கு மறுபடி சீட்டும் தரவில்லை. எதிர்க்கட்சிகள் ‘அரசமைப்பைக் காப்போம்’ என்று அதையே பிரச்சாரமாக்கின. அதே அணியில் இருந்த திமுக அரசமைப்பைத் திருத்தக் கேட்டது. முரண்பாடு மாதிரி இருக்கும். ஆனால் ‘திருத்தலாமா, கூடாதா’ என்பது தவறான கேள்வி. யாரிடமிருந்து அதிகாரம் யாருக்குப் போகிறது என்பதே சரியான கேள்வி.

அடுத்த முறை வேட்பாளர் வந்தா என்ன கேக்கலாம்?

* எந்தப் பிரிவை, எப்படித் திருத்தணும்? ‘மாநில உரிமை’ என்றால் பதில் இல்லை. ‘பிரிவு 200-ல் இத்தனை மாதக் கெடு’ என்றால் பதில்.
* மூன்று வழியில் எது? 362-க்கு யார் யாரைச் சேர்க்கப் போறீங்க? 14 மாநிலம் வேண்டுமென்றால் அவை எவை?
* திருத்தம் இல்லாமலே செய்யக்கூடியதை ஏன் இன்னும் செய்யவில்லை?
* எதிர்க்கட்சியும் இதையே கேட்டால், சேர்ந்து நிற்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். 2024-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே அணி ஜெயித்தது. அப்படியும் எந்தத் திருத்தத்தையும் கொண்டுவர அந்த எண்ணிக்கை போதவில்லை. டெல்லியில் ஆண்ட கூட்டணிக்கும் 293 தான்; அவர்களாலும் தனியாக 362-ஐத் தொட முடியாது. யாரிடமும் எண்ணிக்கை இல்லாத இந்த மாதிரிச் சமயத்தில், கூட்டாளியைத் தேடும் வேட்பாளர்தான் திருத்தத்தைப் பற்றி நிஜமாக யோசிக்கிறார். மற்றவர்களுக்கு அது மைக் முன்னால் சொல்லும் ஒரு வரி.